இன்ஜினை மலை உச்சிக்கு ஏற்றிய மனிதர்! யார் இந்த சான்ஃபோர்ட் மாஸ்?

இப்போ கார் ஷோரூம் பக்கம் போனா முதல்ல காதுல விழுற வார்த்தை ‘டர்போ’. ஒரு லிட்டர் இன்ஜின்தான், ஆனா பவர்ல பெரிய இன்ஜினோட மல்லுக்கு நிக்கும். வீணாக வெளியேறும் சூடான புகையை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதன் மூலம் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி. ஆனால், இதை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு வேலை செய்து காட்டியவர் சான்ஃபோர்ட் மாஸ்.

பட்டறையில் தொடங்கிய வாழ்க்கை

1872-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர் மாஸ். 16 வயதில் ஒரு மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். அங்கே அழுத்தப்பட்ட காற்றோடு பழகியபோதே, காற்றையும் எரிபொருளையும் சேர்த்து எரித்து டர்பைனைச் சுழற்ற முடியுமா என்ற யோசனை அவருக்குள் வந்துவிட்டது. பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொறியியல், கார்னெல்லில் டாக்டர் பட்டம். 1903-ல் முடித்த ஆய்வும் இதே கேஸ் டர்பைன் பற்றித்தான்.

டர்பைன் சுழன்றது. சிக்கல் என்னன்னா, அது கொடுத்த பவரைவிட, அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசருக்கு அதிக பவர் தேவைப்பட்டது. சம்பாத்தியத்தைவிடச் செலவு ஜாஸ்தி! ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மாஸை வேலைக்கு எடுத்து முயன்று பார்த்தது. 1907-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. மாஸ் இரும்பு உலைகளுக்கான கம்ப்ரசர் வேலைக்குத் திரும்பினார்.

மலை ஏறிய இன்ஜின்

பத்து வருஷம் கழித்து அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. முதல் உலகப் போர் நேரம். மேலே போகப் போக காற்று மெலிந்து, விமான இன்ஜின்கள் மூச்சுத் திணறின. அரசின் விமான ஆலோசனைக் குழுத் தலைவர் வில்லியம் டுராண்ட், முன்பு கார்னெல்லில் பேராசிரியராக இருந்தவர். மாஸின் ஆய்வு அவருக்கு நினைவிருந்தது. பிரான்ஸில் ஒகுஸ்த் ராத்தோ இதே முயற்சியில் இறங்கியிருந்த சமயம் அது.

கருவி ரெடி. உயரத்தில் எப்படிச் சோதிப்பது? மாஸ் குழு இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோனது. உயரம் 14,000 அடிக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

1918-ல் நடந்த அந்தச் சோதனையின் ரிசல்ட் இதுதான்: கீழே சுமார் 350 குதிரைத்திறன் கொடுத்த லிபர்டி இன்ஜின், உச்சியில் சுமார் 230-க்கு இறங்கியது. டர்போவை மாட்டியதும் 356!

33,000 அடியில் ஒரு திகில்

அதற்குள் போரே முடிந்துவிட்டது. ஆனாலும் சோதனை நிற்கவில்லை. 1920 பிப்ரவரியில் மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர், டர்போ பொருத்திய விமானத்தில் 33,000 அடியைத் தாண்டினார். இன்ஜினுக்குக் காற்று கிடைத்தது, பைலட்டுக்கு ஆக்ஸிஜன் நின்றுபோனது. மயங்கிய அவரோடு விமானம் கீழ்நோக்கிப் பாய்ந்தது. தரைக்கு அருகில் நினைவு திரும்பி, குளிரில் பாதிக்கப்பட்ட கண்களோடு தரையிறக்கினார்.

புகையின் சூட்டைத் தாங்கும் உலோகம் கிடைக்கவே பல வருஷம் ஆனது. 1938-ல் மாஸ் ஓய்வுபெற்றார். ஆனால் அடுத்த போர் வந்தது. பி-17 போன்ற குண்டுவீச்சு விமானங்கள் டர்போவோடு பறந்தன. 1940-க்கான காலியர் விருது மாஸுக்கும் ராணுவ விமானப் படைக்கும் கிடைத்தது. டர்போ அனுபவம் இருந்ததால்தான், அமெரிக்காவின் முதல் ஜெட் இன்ஜினைச் செய்யும் பொறுப்பும் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் போனது. கைவிட்ட கேஸ் டர்பைன் வேறு வடிவில் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, 1946-ல் மாஸ் மறைந்தார்.

உங்க காருக்கு என்ன சம்பந்தம்?

டர்போவை மாட்டினா மட்டும் போதாது, மற்ற பாகங்களும் தாங்கணும். இன்னைக்கு காரில் பூஸ்ட் ஏற்றுபவர்கள் சந்திப்பதும் இதே பாடம்தான். அழுத்தம் கூடினால் வால்வை மூட வலுவான ஸ்பிரிங் வேண்டும். அந்த ஸ்பிரிங், ஆயிலை நம்பி வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டரை அதிகமாக அழுத்தும். ஸ்பிரிங் வலு போதாவிட்டால், அதிவேகத்தில் வால்வு தடுமாறும். லிஃப்டர் அந்த இடைவெளியை ஆயிலால் நிரப்பிவிட, வால்வு முழுசா மூடாது. அதனால்தான் ஸ்பிரிங்கையும் லிஃப்டரையும் ஜோடியாக மாற்றுகிறார்கள்.

மாஸ் ஒரு சக்கரத்தைச் சுழற்றத்தான் ஆசைப்பட்டார். அதற்கேற்ற உலோகம் வரும்வரை காத்திருக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.