சுருட்டுப் பெட்டியில் மண்ணை ஆராய்ந்த மேதை!

பக்கத்து மனையில் புது வீடு எழும்புகிறது. சில வருஷம் கழித்து நம் வீட்டுச் சுவரில் விரிசல்! கொத்தனாரைத் திட்டுகிறோம். ஆனால் குற்றம் பல சமயம் பூமிக்குள் இருக்கிறது. அந்த ரகசியத்தைக் கண்டு சொன்னவர் கார்ல் டெர்சாகி.

இவர் 1883-ம் ஆண்டு பிராக் நகரில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. கிராஸ் நகரில் படித்தது இயந்திரங்களைப் பற்றிய என்ஜினீயரிங். மனம் போனதோ மண்ணின் பக்கம்!

அந்தக் காலத்தில் கல்லுக்கும் இரும்புக்கும் கணக்கு இருந்தது. அவற்றைத் தாங்கும் மண்ணுக்குச் சரியான கணக்கு இல்லை. அமெரிக்காவுக்குப் போய் அணைகளைச் சுற்றிப் பார்த்தார். விடை கிடைக்கவில்லை. 1913-ல் ஏமாற்றத்துடன் திரும்பினார்.

வேலை போயிற்று

1916-ல் துருக்கியின் இஸ்தான்புல் நகருக்கு ஆசிரியராகப் போனார். 1918-ல் யுத்தம் முடிந்தது. ஆஸ்திரியா தோற்றது; இவர் வேலையும் போயிற்று.

அங்கிருந்த ராபர்ட் கல்லூரியில் சிறிய சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆராய்ச்சிக் கருவி வாங்கப் பணம் ஏது? காலிச் சுருட்டுப் பெட்டிகளையும், கல்லூரிக் குப்பையில் கிடந்த சாமான்களையும் கொண்டு கருவிகள் செய்தார்!

ஈரக் களிமண்ணின் மேல் பாரம் ஏற்றினார். நாள் கணக்கில் காத்திருந்தார். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறியது. அதற்கேற்ப மண்ணும் அமுங்கியது. கட்டி முடித்துப் பல வருஷம் ஆன பிறகும் கட்டிடம் இறங்குவது ஏன் என்பது விளங்கி விட்டது!

1925-ல் இந்த ஆராய்ச்சியை ஜெர்மன் மொழியில் புத்தகமாக வெளியிட்டார். மண் இயல் என்ற புதிய சாஸ்திரம் பிறந்தது. அதே ஆண்டு அமெரிக்கா அவரை அழைத்துக் கொண்டது.

இரண்டு அஸ்திவாரங்கள்

அஸ்திவாரத்தின் பாரம் நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை. பக்கவாட்டிலும் பரவுகிறது. இரண்டு அஸ்திவாரங்கள் நெருங்கி இருந்தால் இரண்டு பாரமும் ஒரே மண்ணில் சேர்ந்து விழும். மண் கூடுதலாக அமுங்கும். ஒரு பக்கம் அதிகமாக இறங்கினால் சுவர் பிளக்கும்.

ஆகவேதான் கட்டிட விதிகள் இடைவெளி கேட்கின்றன. இந்திய விதி ஒன்றைப் பாருங்கள். மணல் பாங்கான மண்ணில் ஒரு அஸ்திவாரம் மற்றதை விட 3 அடி ஆழமாக இருந்தால், இரண்டின் அடி ஓரங்களுக்கும் நடுவே குறைந்தது 6 அடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருப்பதன் பாரம் கீழே இருப்பதைத் தாக்கும். பள்ளம் தோண்டும்போதே மேல் மண் சரியவும் கூடும்.

இத்தகைய விதிகளை டெர்சாகி ஒருவரே எழுதவில்லை. ஆனால் மண்ணைச் சோதித்த பிறகே கட்ட வேண்டும் என்ற பாடத்தை உலகுக்குக் கற்பித்தவர் அவரே.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். டெர்சாகி அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பேராசிரியரானார். 1963-ல் 80-வது வயதில் காலமானார். கனடாவில் உள்ள ஓர் அணைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

வீடு கட்டுவோர் சுவருக்கு என்ன வர்ணம் என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன் அடியில் என்ன மண், பக்கத்தில் யார் அஸ்திவாரம் என்று பார்ப்பது நல்லது!