சுகுமார் சென்

பாரத நாடு குடியரசாகிய 1950ஆம் ஆண்டில், தலைமைத் தேர்தல் ஆணையர் என்னும் பொறுப்பை முதன்முதல் ஏற்றவர் சுகுமார் சென் ஆவார். வங்காளத்தவராகிய இவர் கல்கத்தாவிலும் இலண்டனிலும் பயின்று, கணிதத்தில் பொற்பதக்கம் பெற்றவர். மேற்கு வங்காள அரசின் தலைமைச் செயலாளராக விளங்கியவர்.

அவர்முன் நின்ற பணி எளிதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்துடையோர், வரி செலுத்துவோர், கற்றோர் முதலிய சிலர்க்கே வாக்குரிமை இருந்தது. நம் முன்னோரின் குடவோலை முறையிலும் நிலமுடையார் பெயர்களே குடத்தில் இடப்பெற்றன. அதுவும் குலுக்கலேயன்றி வாக்களிப்பன்று. புதிய அரசமைப்போ 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் அவ்வுரிமையை நல்கிற்று. கடையநல்லூரில் தறியின்முன் அமர்ந்த நெசவாளரும், குற்றால மலையடிவாரத்தில் நாற்று நட்ட பெண்ணும், பெருநிலக்கிழாரும் ஒரே மதிப்புடைய வாக்கைப் பெற்றனர். நாடெங்கும் வாக்காளர் 17 கோடிக்கும் மேற்பட்டோர். மக்களுள் நூற்றுக்கு 85 பேர் எழுத்தறியாதவர்.

வேட்பாளர் பெயர்களை அச்சிட்ட சீட்டில் மறைவாகக் குறியிடும் முறை, 1856இல் ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1872இல் பிரிட்டனிலும் சட்டமாயிற்று. எழுத்தறியாதார்க்கு அது எங்ஙனம் உதவும்? ஆதலின், ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனித்தனி இரும்புப் பெட்டி வைத்து, அதன்மேல் அவர்தம் சின்னத்தை ஒட்டச் செய்தனர். நுகத்தடி பூட்டிய காளைகள், ஆலமரம், குடிசை, விளக்கு முதலியன உழவனும் நன்கறிந்த பொருள்கள் அல்லவா? வாக்காளர் மறைவிடத்துட் சென்று, தாம் விரும்பிய பெட்டியில் சீட்டை இட்டால் போதும். ஒருவரே இருமுறை வாக்களியாவண்ணம் விரலில் அழியா மை இடப்பட்டது. இம்முறையில் குறையும் உண்டு. சீட்டைப் பெட்டியில் இடாது வெளியே கொண்டுசெல்ல இயலும். எனவே, பிற்காலத்தில் சின்னங்கள் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரையிடும் முறை வந்தது.

இவற்றினும் பெரிய இடர் வாக்காளர் பட்டியலில் எழுந்தது. வடபுலத்துப் பெண்டிர் பலர் தம் பெயரைக் கூற நாணி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதுவித்தனர். அங்ஙனமே ஏற்றுக்கொள்ளின் பட்டியல் விரைவில் முடிந்திருக்கும். ஆயினும் பெயரில்லாதவர் இன்னார் என்று வாக்குச்சாவடியில் தெளிவது எவ்வாறு? சென் அதற்கு இணங்கினாரல்லர். பீகாரில் ஒரு திங்கள் கூடுதலாக அளித்தும், நாட்டில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் பெயர் கூறாமையால் நீக்கப்பட்டனர். கடுமையான முடிவே அது. உரிமை தர வந்தவரே அதனை மறுத்தார் எனக் குறைகூறினோரும் உண்டு. எனினும், பெண் தன் பெயராலேயே குடிமகளாதல் வேண்டும் என்னும் நெறியினின்று அவர் வழுவவில்லை.

1951 அக்டோபர் 25ஆம் நாள், பனி வழியடைக்கும் முன்னரே இமயத்துச் சீனி என்னும் ஊரில் முதல் வாக்குகள் விழுந்தன. தேர்தல் 1952 பிப்ரவரியில் நிறைவுற்றது. மறு ஆண்டில் சூடான் நாட்டுத் தேர்தலையும் நடத்தித்தர இவர் அழைக்கப்பட்டார்.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் பழைய இரும்புப் பெட்டிகளையே பேணி வைத்துப் பயன்படுத்தினமையால் செலவு பெரிதும் குறைந்தது. முன்னர் விடுபட்ட பெண்டிருள் பெரும்பாலோர், இம்முறை தம் சொந்தப் பெயருடன் பட்டியலில் இடம்பெற்றனர். 1958 டிசம்பரில் அப்பொறுப்பினின்று விலகிய சென், பின்னர்ப் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராயினார்.