சேர் சார்ள்ஸ் ட்றெவெலியன்

இங்கிலாந்தில் 1807இல் பிறந்த சார்ள்ஸ் ட்றெவெலியன், கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையிற் சேர்ந்து டில்லிக்கு வந்தார். அங்கே தமது மேலதிகாரி இலஞ்சம் வாங்குவதைக் கண்டு துணிந்து முறையிட்டபோது இவருக்கு வயது 22. விசாரணையின் பின் மேலதிகாரி பதவி இழந்தார்.

1840இல் இலண்டன் திறைசேரியின் நிரந்தர அதிகாரிகளுள் முதல்வரானார். 1845இல் அயர்லாந்து ஏழைகளின் அன்றாட உணவான உருளைக்கிழங்கு நோயால் அழுகத் தொடங்கியபோது, அரசாங்க நிவாரணப் பணம் இவர் கையாலேயே அளக்கப்பட்டது. அதிகம் கொடுத்தால் மக்கள் அரசையே நம்பியிருப்பர், வணிகமும் குலையும் என்பது இவர் கொள்கை. பஞ்சத்தை இறைவனின் திருவுளமென்றே எண்ணினார். (அதை எங்கே படித்தாரோ!) 1847 கோடையில் நாளாந்தம் 30 இலட்சம் பேருக்கு உணவளித்த கஞ்சித் தொட்டிகள் இலையுதிர்காலத்தோடு மூடப்பட்டன. அடுத்த ஆண்டு இவருக்குச் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. பசியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் ஏறத்தாழ 10 இலட்சம்; பெரும்பாலோர் கத்தோலிக்க ஏழைகள்.

ஆயினும் கொடியவரென்று ஒரே சொல்லில் இவரை ஒதுக்கிவிட முடியாது. சிபாரிசுக்கு உத்தியோகம் என்ற வழக்கை ஒழித்துப் போட்டிப் பரீட்சை வைக்கும்படி, நோர்த்கோட் என்பவருடன் இவர் எழுதிய அறிக்கை 1854இல் வெளியாயிற்று. பிரித்தானிய சிவில் சேவை அதன்மேல் எழுந்தது. 1859இல் சென்னைக் கவர்னரானார். கல்கத்தா அரசின் புதிய வரிகள் வேண்டாம், செலவைக் குறைத்தாற் போதும் என்று தாம் எழுதிய கண்டனத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்ததால் அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். டில்லியிற் கண்ட துணிவு சென்னையிலும் இருந்தது. அயர்லாந்துக்காக மட்டும் அது எழவில்லை. 1886இல் இலண்டனிற் காலமானார்.