தனிமையிலும் துணை நிற்கும் வனத்து அந்தோணியார்

புனித அந்தோணியார் என்றதும் மலேசியத் தமிழர்கள் பலருக்கும் நினைவுக்கு வருபவர், கையில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் பதுவை நகர்ப் புனிதர்தான். கோலாலம்பூர் ஜாலான் ராபர்ட்சனில் உள்ள தேவாலயமும் அவருடைய பெயரில் அமைந்ததே. ஆனால், அந்தப் பெயர் அவருக்குப் பெற்றோர் வைத்ததல்ல. பெர்னாண்டோ என்ற பெயரில் வளர்ந்த அவர், 1220ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு துறவியின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

அந்தத் துறவிதான் எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தவ வாழ்வு வாழ்ந்த பெரிய அந்தோணியார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இவரை வனத்து அந்தோணியார் என்று அன்போடு அழைக்கின்றனர்.

பெற்றோரை இழந்த இளைஞர்

கி.பி. 251ஆம் ஆண்டு வாக்கில், எகிப்தின் கோமா என்ற சிற்றூரில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் அந்தோணியார் பிறந்தார். சிறு வயதிலிருந்தே அதிகம் பேசாதவர். வீடும் கோயிலுமே அவருக்கு உலகமாக இருந்தன.

ஏறக்குறைய 20 வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். வீட்டில் எஞ்சியது அவரும் சிறுமியான தங்கையும் மட்டுமே. நிலபுலன் நிறைய இருந்தது. ஆனால், வீடு வெறிச்சோடிப் போனது.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் கோயிலுக்குச் சென்றபோது, உள்ளதை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றுமாறு இயேசு ஒரு பணக்கார இளைஞனிடம் கூறிய நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அது தமக்காகவே வாசிக்கப்பட்டதாக அந்தோணியார் உணர்ந்தார். 200 ஏக்கர் அளவிலான நிலத்தை ஊர்மக்களுக்கே கொடுத்தார். மற்றப் பொருள்களை விற்று ஏழைகளுக்கு வழங்கினார். தங்கையை, இறைவனுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த கன்னியரின் பராமரிப்பில் விட்டுவிட்டு, ஊர் எல்லையில் தவ வாழ்வைத் தொடங்கினார்.

கல்லறையில் நடந்த போராட்டம்

தனிமை அவருக்கு எளிதாக அமையவில்லை. விட்டு வந்த சொத்தும், தங்கையைப் பற்றிய கவலையும், உறவினரின் பாசமும் அவரை ஊருக்குத் திரும்பச் சொல்லி வாட்டின. மனத்தில் எழுந்த இந்த எண்ணங்களை அவர் சாத்தானின் சோதனையாகவே கண்டார். கைவேலை செய்து பிழைத்து, அதில் மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

பின்னர், ஊருக்கு வெளியே இருந்த ஒரு பழைய கல்லறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். ஒருநாள் ரொட்டி கொண்டுவந்த நண்பர், அவர் அடிபட்டவர்போல் நினைவிழந்து கிடப்பதைக் கண்டு கோயிலுக்குத் தூக்கிச் சென்றார். உறவினரும் ஊராரும் இறந்தவரைச் சுற்றி அமர்வதுபோல் அவரைச் சுற்றி அமர்ந்திருந்தனர். நள்ளிரவில் கண் விழித்த அந்தோணியார், எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நண்பர் மட்டும் விழித்திருப்பதைப் பார்த்தார். மற்றவர்களை எழுப்பாமல் தம்மை மீண்டும் கல்லறைக்கே தூக்கிச் செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார்.

20 ஆண்டு தனிவாசம்

35 வயதளவில் நைல் நதியைக் கடந்து, மலைப்பகுதியில் பாழடைந்து கிடந்த கோட்டை ஒன்றில் குடியேறினார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கூரை வழியாக ரொட்டி இறக்கப்பட்டது. சுமார் 20 ஆண்டுகள் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

கி.பி. 305 வாக்கில், அவரைப் பின்பற்ற விரும்பியவர்கள் பொறுமை இழந்து கதவை உடைத்தனர். உடல் மெலிந்து, மனம் பேதலித்த ஒருவரை எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. தெளிந்த முகத்தோடு, உடல்நலம் குன்றாமல் அவர் வெளியே வந்தார். நோயாளிகளுக்காக மன்றாடினார், துயரப்பட்டவர்களைத் தேற்றினார், பகைவர்களைச் சமரசப்படுத்தினார். அந்த மலைப்பகுதியில் துறவிகளின் குடில்கள் பெருகின.

கி.பி. 311இல் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, அலெக்சாந்திரியா நகருக்குச் சென்று சிறையிலும் சுரங்கங்களிலும் வாடியவர்களுக்குத் தொண்டு செய்தார். துறவிகள் நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டதும் மற்றவர்கள் ஒளிந்துகொண்டனர். அந்தோணியாரோ மேலாடையைத் துவைத்து உடுத்தி, மறுநாள் எல்லாரும் பார்க்கும்படி முன்னால் நின்றார்.

சோர்வுக்கு மருந்து

இத்தகைய மனவலிமை கொண்டவருக்கும் சோர்வு வந்தது. ஒரு சமயம் பாலைவனத்தில் மனம் இருண்டு, எண்ணங்கள் அலைக்கழிக்க, என்ன செய்வது என்று இறைவனிடம் முறையிட்டார். வெளியே வந்தபோது தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதைக் கண்டார். சிறிது நேரத்தில் அவர் எழுந்து செபித்தார். மறுபடியும் அமர்ந்து கயிறு திரித்தார். மறுபடியும் எழுந்து செபித்தார். அவர் இறைவன் அனுப்பிய தூதர் என்றும், தாமும் அவ்வாறே செய்தால் மீளலாம் என்றும் அந்தோணியார் புரிந்துகொண்டார். பாலைவனத் துறவிகள் பரம்பரையாகச் சொல்லி வந்த நிகழ்வு இது. கைக்கு ஒரு வேலை, நாவுக்கு ஒரு செபம் என்பதே தனிமையின் சோர்வுக்கு அவர்கள் கண்ட மருந்து.

பிற்காலத்தில் செங்கடலுக்கு அருகிலுள்ள மலைக்குச் சென்று தங்கினார். தமக்காக மற்றவர்கள் ரொட்டி சுமந்து வருவதைத் தவிர்க்க மண்வெட்டி வாங்கித் தாமே தானியம் பயிரிட்டார். தேடி வருபவர்களின் களைப்பு தீரக் கொஞ்சம் கீரை, காய்களும் பயிர் செய்தார்.

சிறுமியாக விட்டு வந்த தங்கையையும் ஒருநாள் சந்தித்தார். முதுமை அடைந்திருந்த அவர், மற்றக் கன்னியரை வழிநடத்தும் தலைவியாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார்.

சின்னப்பரைத் தேடி

பாலைவனத்தில் நெடுங்காலமாகத் தனித்திருப்பவர் தாமே என்று அந்தோணியார் எண்ணியிருந்த வேளையில், தமக்கும் முன்பே அங்கு வந்த ஒருவர் இருப்பதைக் கனவில் அறிந்து, அவரைத் தேடிச் சென்றதாகப் புனித ஜெரோம் எழுதியுள்ளார். அவரே வனத்துச் சின்னப்பர். அன்றாடம் அவருக்கு அரை ரொட்டி கொண்டுவரும் காகம், அன்று முழு ரொட்டி கொண்டுவந்ததாம். முதியவர்கள் இருவரும் அதைப் பகிர்ந்து உண்டனர். பின்னர் சின்னப்பர் இறந்தபோது அந்தோணியாரே அவரை நல்லடக்கம் செய்தார்.

கி.பி. 356இல், 105ஆம் வயதில் அந்தோணியார் காலமானார். மக்கள் தமது உடலை எடுத்துச் சென்று வைத்துக் கொண்டாடிவிடக் கூடாது என்பதால், கூடவே இருந்த சீடர்கள் இருவரிடமும் யாருக்கும் தெரியாத இடத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார்.

ஆயர் அத்தனாசியார் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு நாடு கடந்து பரவியது. புனித அகுஸ்தினாரின் மனமாற்றத்திற்குத் தூண்டுகோலாக இருந்தவற்றுள் அந்தோணியாரின் கதையும் ஒன்று. செங்கடல் மலையடிவாரத்தில் அவர் பெயரில் உள்ள மடம் இன்றும் இயங்குகிறது. அவர் தங்கிய குகைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் பக்தர்கள் செல்கின்றனர்.

அவருடைய திருநாள் ஜனவரி 17, பொங்கலை ஒட்டி வருகிறது. பெற்றோரை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் தூரம் போய்விட வீட்டில் தனித்திருப்பவர்கள் அவரிடம் செபிக்கும்போது, தங்கள் நிலையை அறிந்த ஒருவரிடமே பேசுகின்றனர். வெறிச்சோடிய வீட்டை இளம் வயதிலேயே கண்டவர் அவர்.