கம்பி நீண்டால் பொறுமையும் நீள வேண்டும்: லார்ட் கெல்வின்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917-இல் உருவானது கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். இன்று செம்பனை ஆலைகளில் பழக்குலைகளை வேகவைக்கும் கலனின் வெப்பத்தை, தள்ளியிருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பார்க்க முடிகிறது. கலனில் பொருத்திய உணரியிலிருந்து நீண்ட கம்பி வழியாக அளவு வந்து சேர்கிறது. கம்பி நீள நீள அந்த அளவில் பிழையும் புகுந்துகொள்ளும். அந்தப் பிழைக்கு அடிப்படைக் கணக்கை எழுதியவர், பள்ளிப் புத்தகங்களில் லார்ட் கெல்வின் என்று அறிமுகமாகும் வில்லியம் தாம்சன்.

1824 ஜூன் 26-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். கணிதப் பேராசிரியரான தந்தையே பாடம் சொல்லிக் கொடுத்தார். பத்து வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 22 வயதில் அங்கேயே பேராசிரியரானார். 53 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

அப்போது கடலுக்கடியில் தந்திக் கம்பி போடும் வேலை தொடங்கியிருந்தது. ஒரு முனையில் அனுப்பிய குறி மறுமுனையில் மங்கி, இழுபட்டு வந்தது. தாம்சன் 1855-இல் காரணத்தை வெளியிட்டார். நீண்ட ரப்பர் குழாய் நிறைந்த பிறகே மறுமுனையில் தண்ணீர் சீராகக் கொட்டும். கம்பியும் அப்படித்தான், முதலில் மின்னூட்டத்தால் நிறைய வேண்டும். நீளம் இரண்டு மடங்கானால் நிறைய வேண்டிய அளவும் இரண்டு மடங்கு, தடையும் இரண்டு மடங்கு. ஆகவே தாமதம் நான்கு மடங்கு. நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்கு.

அட்லாண்டிக் தந்தி நிறுவனத்தின் மின்பொறுப்பாளர் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. 1858 ஆகஸ்ட்டில் கேபிள் இணைந்தது. விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச்சேர ஏறக்குறைய 16 மணி நேரம் பிடித்தது. வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கனவே குறைகள் இருந்த கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது.

தாம்சன் எதிர்வழியில் போனார். மின்சாரத்தைக் கூட்டாமல், வாங்கும் கருவியைக் கூர்மையாக்கினார். சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி நகர்வதைக் கொண்டு மிக மெல்லிய குறியையும் படிக்கும் கருவி அது. தூய செம்பில் தடித்த கம்பி வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1866-இல் புதிய கேபிள் நிலைத்தது. அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

இந்த வெற்றிக்கு மலாயாக் காடும் விலை கொடுத்தது. கேபிளுக்குக் காப்புறையான கெத்தா பெர்ச்சா, இப்பகுதிக் காட்டு மரங்களின் பால். அதற்காக மரங்கள் அடியோடு வெட்டிச் சாய்க்கப்பட்டன. 1870-71இல் மதராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடிக் கேபிள் வந்தது.

கம்பியின் சொந்தத் தடையும் அளவைக் கெடுக்கும். இன்றைய ஆலைகளில் பயன்படும் பிளாட்டினம் உணரியில், கம்பியால் 1 ஓம் கூடினால் வெப்பம் சுமார் 2.6 பாகை அதிகமாகத் தெரியும். திரை 140 காட்டும்போது கலனில் 137-தான் இருக்கும். சரியாக வேகாத குலையில் பழம் உதிராது, எண்ணெய் வீணாகும். மின்சாரம் செலுத்த இரண்டு கம்பி, அளக்கத் தனியாக இரண்டு கம்பி என்ற முறை இதைத் தீர்க்கிறது. அது இன்றும் கெல்வின் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஒரே கருவி பல உணரிகளை மாறி மாறிப் படிக்கும்போது அவரது 1855 கணக்கு திரும்ப வருகிறது. மாறிய கணமே அளவெடுத்தால் மின்னழுத்தம் நிலைக்கு வந்திருக்காது, முந்தைய உணரியின் மிச்சமும் கலந்துவிடும். உணரியின் தடை கூடினால் இந்தப் பிழையும் கூடும். கம்பியைக் குறுக்குவது, மின்னூட்டத்தைக் குறைவாகத் தேக்கும் உறையுள்ள கேபிளைப் போடுவது, குறியை உணரி அருகிலேயே பெருக்குவது, ஆயிரத்தில் சில வினாடி பொறுத்து அளப்பது ஆகியவை தீர்வுகள். தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்கல்லூரியில் இன்று படிக்கும் பாடம் இது.

1892-இல் பிரபுவான கெல்வின், 1907 டிசம்பர் 17-இல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். கடலடிக் கம்பியில் வைட்ஹவுஸ் பலத்தை நம்பினார். தாம்சன் கணக்கை நம்பிக் காத்திருந்தார். நிலைத்தது தாம்சனின் வழி.