பள்ளி ஆசிரியராகத் தொடங்கிய திலகர்

புதுதில்லி, ஆக. 1: லோகமான்ய திலகர் என்றதும் நினைவுக்கு வருவது கேசரி பத்திரிகையும் மாண்டலே சிறையும்தான். அவர் பொதுவாழ்வைத் தொடங்கியது புணேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்பதை இன்று பலர் அறியார். 1920 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மும்பையில் மறைந்த அத்தலைவரின் நினைவு நாள் இன்று.

1856-ல் ரத்னகிரியில் பிறந்த பால கங்காதர திலகர், கணிதத்தில் பட்டம் பெற்று, 1879-ல் சட்டமும் முடித்தார். வழக்கறிஞர் தொழிலோ அரசுப் பணியோ அவருக்கு எளிதில் கிடைத்திருக்கும். அவர் இரண்டையும் நாடவில்லை. விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கருடன் சேர்ந்து 1880 ஜனவரியில் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார். குறைந்த கட்டணத்தில், இந்தியர்களே நடத்தும் தரமான பள்ளி என்பது நோக்கம். கல்லூரித் தோழர் அகர்கரும் பின்னர் இணைந்தார். திலகர் கணிதமும் சம்ஸ்கிருதமும் கற்பித்தார்.

மறு ஆண்டே இக் குழுவினர் கேசரி, மராட்டா ஆகிய ஏடுகளைத் தொடங்கினர். கோல்ஹாப்பூர் சமஸ்தானத் திவானை விமர்சித்து எழுதியதற்காக 1882-ல் திலகரும் அகர்கரும் 101 நாள்கள் டோங்கிரி சிறையில் இருந்தனர். 1884-ல் தக்காணக் கல்விச் சங்கமும், 1885-ல் பெர்குசன் கல்லூரியும் உருவாயின. பின்னாளில் ஆங்கில அரசை உலுக்கியவர் கட்டிய கல்லூரிக்கு, மும்பை ஆளுநராக இருந்த ஆங்கிலேயரின் பெயர்!

ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. ஆயுள் உறுப்பினர்கள் பிழைப்புக்கு வேண்டிய ஊதியம் மட்டும் பெற்று, வெளி வருவாய் தேடாமல் முழு நேரமும் சங்கத்துக்கே உழைக்க வேண்டும் என்றார் திலகர். கோகலே உள்ளிட்டோர் இதை ஏற்கவில்லை. சமூக சீர்திருத்தத்தில் அகர்கருடனான பிளவும் ஆழமானது. 1890-ல் திலகர் சங்கத்திலிருந்து விலகினார். கொள்கையில் உறுதியாக நின்றவர் என அவரைப் பாராட்டலாம். ஆனால் மறு ஆண்டு, சிறுமியரின் திருமண உறவுக்கான வயதை 12 ஆக உயர்த்திய சட்டத்தை அவர் எதிர்த்ததையும் மறைக்க இயலாது. அந்நிய அரசு நம் சமூக வழக்கங்களில் தலையிடலாகாது என்பது அவரது வாதம். அகர்கரின் நிலையே காலத்தால் சரியெனத் தெரிந்தது.

அதன்பின் கேசரியே அவரது வகுப்பறையாயிற்று. 1897-ல் ராஜத்துரோக வழக்கில் 18 மாத தண்டனை. 1907-ல் சூரத் காங்கிரஸில் பிளவு. அங்கே வ.உ.சி. திலகர் அணியில் நின்றார். 1908-ல் ஆறாண்டு தண்டனை விதிக்கப்பட்டபோது மும்பை ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1914-ல் விடுதலையான அவர், 1916-ல் ஹோம் ரூல் லீகைத் தொடங்கி, அதே ஆண்டில் காங்கிரஸ் - முஸ்லிம் லீக் இடையே லக்னோ உடன்பாடு ஏற்படவும் துணை நின்றார்.

கல்வியை அவர் கைவிடவுமில்லை. சுதேசி, அந்நியப் பொருள் புறக்கணிப்பு, சுயராஜ்யம் ஆகியவற்றோடு தேசியக் கல்வியையும் தம் செயல்திட்டத்தில் சேர்த்திருந்தார். அவர் விலகிய சங்கம் இன்றும் புணேயில் அப் பள்ளியை நடத்தி வருகிறது.