அயோத்திதாசப் பண்டிதரும் பசித்தோரின் வரலாறும்

நம் இளைஞர் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. கூலியோ குறைவு, குடிசையோ ஒழுகுகின்றது, இந்நிலையில் பழைய ஏடுகளையும் பண்டிகைகளின் தோற்றத்தையும் ஆராய்வதால் ஆவதென்ன என்பதே அது. கேட்போர்மீது நமக்குச் சினமில்லை. பசியை அறிந்தவரே அவ்வாறு கேட்பர். ஆயினும் பசியை நன்கறிந்த ஒருவரே தம் வாழ்நாளை அவ்வாராய்ச்சிக்கு ஈந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். (ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதை மறைப்பானேன்!) அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் பணிபுரிந்தவர். அவர் வைத்திருந்த திருக்குறள் ஏடு எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதெனப் பண்டிதர் எழுதியுள்ளார். கல்லாதார் எனப்பட்ட குடியில் குறளேடு இருந்தது!

பண்டிதர் சித்த மருத்துவர். நீலகிரியிலும் சென்னையிலும் நம் மக்களின் நோயோடு வறுமையையும் நாடி பிடித்துப் பார்த்தவர். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில், சிவன், விட்டுணு ஆலயங்களில் நம்மவர் நுழைய உரிமை கேட்டார். உங்களுக்கு மதுரைவீரன் முதலிய தெய்வங்கள் உண்டு, அவர்களே போதும் என்ற பொருள்பட மறுமொழி வந்தது. அத்தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று கூறிவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், கிராமங்களில் தரிசு நிலமும் வேண்டினார். கோயிலும் நிலமும் ஒரே மன்றில் ஒரே நாவால் கேட்கப்பட்டன. அவற்றைத் தனித்தனியே பிரிக்க அவர் அறியார்.

நிலம் மறுக்கப்படுவதற்கும் கிணறு மறுக்கப்படுவதற்கும் காரணம் ஒரு கதையே என அவர் கண்டார். தொன்றுதொட்டு நாம் இழிந்தோர் என்பது அக்கதை. கூலியைக் குறைப்பவனுக்கும் அதுவே துணை. குறைந்த கூலியை வாங்குபவனின் வாயை அடைப்பதும் அதுவே. ஆதலின் 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். மீண்டு வந்து சென்னையில் சாக்கைய பௌத்த சங்கம் நிறுவினார். 1907 சூன் 19 முதல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் நான்கு பக்க வார இதழை நடத்தினார். நம்மவர் பூர்வ பௌத்தர் என்னும் ஆய்வும், 'இந்திரர் தேச சரித்திரம்' என்னும் தொடரும் அதில் வந்தன. கிணற்றில் நீரெடுக்க விடாத சுதேசியம் எத்தகைய சுதேசியம் என்னும் கண்டனமும் அதே பக்கங்களில் இடம்பெற்றது.

அவர் தந்த சொல்விளக்கங்கள் பல இன்றைய மொழியியலுக்கு ஒவ்வா. ஒடுக்கப்பட்ட பிற குடியினர் சிலரைப் பற்றி அவர் எழுதியவற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. இவற்றை இளைஞரிடம் ஒளித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆயினும், நம் வரலாற்றை நாமே ஆராயும் உரிமையை எவரிடமும் இரந்து பெறாமல் எடுத்துக்கொண்டாரே, அதற்கு ஈடில்லை.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 'தமிழன்' சில காலம் நின்றது. பின்னர் 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைக் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். நிலத்தின் அடியில் கூலிக்குப் பாறை உடைத்துவிட்டு மேலேறி வந்த தொழிலாளர் அதனை வாங்கிப் படித்தனர்.